இல்லாத காலுக்குக் கரண்ட் வைக்கலாமா? மாய உறுப்பு வலியும் டென்ஸ் கருவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. சர்க்கரை நோய்தான் காரணம். கட்டைவிரலில் வந்த ஒரு சின்னப் புண்ணில் ஆரம்பித்தது. அறுவை முடிந்து சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, "பாதத்தை யாரோ முறுக்குறாங்கம்மா" என்றார். எந்தப் பாதம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் காட்டிய இடத்தில் படுக்கை விரிப்புதான் இருந்தது.

நான் மருத்துவர் இல்லை. மகள், அவ்வளவுதான். ஆனால் அந்த வலியைக் குறைக்க டென்ஸ் என்ற மின்தூண்டல் கருவி ஒன்றை நாங்கள் பயன்படுத்துவது தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்களும், கோயிலில் பார்ப்பவர்களும், அப்பாவோடு பிசியோவில் (இயன்முறைச் சிகிச்சையில்) உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பிச் சலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

காலே இல்லை. அப்புறம் எது வலிக்கிறது?

கால் போனாலும் காலுக்கான நரம்பு முழுதாகப் போவதில்லை. வெட்டிய இடத்தோடு அது நிற்கிறது. அதன் மேல்பாதி தொடை வழியாக முதுகுத்தண்டுக்கும், அங்கிருந்து செய்தி மூளைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூளையில் அந்தக் காலுக்கென்று ஒதுக்கிய இடமும் அப்படியே இருக்கிறது. எங்கள் பழைய பிளாக்கை அரசு வீடமைப்புக் கழகமான வீவக இடித்த பிறகும் அந்த முகவரிக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய அதே கதைதான்.

கொஞ்சம் விவரமாகச் சொன்னால், வெட்டுப்பட்ட நரம்பின் நுனி மறுபடி வளரப் பார்க்கும். போக வழியில்லாமல் ஒரு சின்ன முடிச்சாகச் சுருண்டுகொள்ளும். நியூரோமா என்பார்கள். அது தானாகவே மின்துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். முதுகுத்தண்டில் உள்ள நரம்புச் செல்கள் அதைக் கேட்டுக் கேட்டு, சின்னச் செய்தியைக்கூடப் பெரிதாக்கி மேலே அனுப்பப் பழகிவிடும். மூளைக்கு அந்தக் காலிலிருந்து வேறு எந்தச் செய்தியும் வருவதில்லை. வரும் ஒன்றையும் அது வலி என்றே படிக்கிறது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இல்லாத கால் இருப்பது போலத் தோன்றுவது, விரல் அரிப்பது, பாதம் சில்லென்று இருப்பது எல்லாம் மாய உணர்வு. அது வலியாக இருந்தால் மாய உறுப்பு வலி. மிச்சமிருக்கும் பகுதியிலேயே, அதாவது ஸ்டம்ப்பில் வலித்தால் அது ஸ்டம்ப் வலி, வேறு கணக்கு. மருத்துவரிடம் போகும்போது இந்த மூன்றையும் குழப்பிச் சொன்னால் சிகிச்சையும் குழம்பும்.

இது மனப்பிரமை இல்லையா?

இல்லை. எங்கள் அத்தை ஒருவர் "அவர் நினைச்சுக்கறாரு" என்று சமையலறையில் சொன்னது அப்பா காதில் விழுந்து, அதன் பிறகு இரண்டு வாரம் வலியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே அம்ப்ரோய்ஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், போர் வீரர்கள் இல்லாத காலில் வலி என்று சொல்வதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். உறுப்பு இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வலி ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. இத்தனை பேரும் ஒரே மாதிரியா நினைத்துக்கொள்வார்கள்?

சிங்கப்பூரில் இது அவ்வளவு பேருக்கு இருக்கிறதா?

இங்கே சர்க்கரை நோயால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால் துண்டிப்புகள் நடக்கின்றன. விரல் மட்டும் எடுப்பதும் அந்தக் கணக்கில் உண்டு. சீனர்களைவிட இந்தியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதும் தெரிந்ததே. சுகாதார அமைச்சு 2016இல் சர்க்கரை நோய்க்கு எதிரான போர் என்று அறிவித்தது சும்மா இல்லை. பாதத்தில் புண் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

மின்சாரம் எப்படி வலியைக் குறைக்கும்?

கட்டில் கால் முட்டியில் இடித்தால் உடனே என்ன செய்கிறோம்? தேய்க்கிறோம். தேய்த்தால் கொஞ்சம் அடங்குகிறது. ஏன் அடங்குகிறது என்று வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் ஒரு விளக்கம் தந்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுகை, அதிர்வு போன்றவற்றைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்தால், வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளுக்கு அந்தக் கதவு பாதி சாத்திக்கொள்ளும். டென்ஸ் கருவி செய்வது அந்தத் தேய்க்கும் வேலையைத்தான், கைக்குப் பதிலாகச் சின்ன மின்துடிப்புகளால். தோல் வழியாக நரம்பைத் தூண்டுவது என்ற பொருள்கொண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கமே டென்ஸ்.

அதில் இரண்டு விதம் உண்டு. நொடிக்கு 80 முதல் 120 துடிப்பு வரை, வலிக்காத அளவில் சுறுசுறுவென்று வைப்பது வழக்கமான முறை. நொடிக்கு 2 முதல் 4 துடிப்பு, கொஞ்சம் பலமாக, தசை லேசாகத் துள்ளும்படி வைப்பது இன்னொன்று. உடம்பே சுரக்கும் வலிநிவாரணிப் பொருட்களை இது கிளப்பிவிடுகிறது என்கிறார்கள். மார்ஃபின் வகை மருந்தை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எனவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பிசியோவிடம் சொல்லிவிடுங்கள்.

யோசனை புதிதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், கீல்வாதக்காரர்களைக் கடற்கரையில் உயிருள்ள மின்திருக்கை மீன் மேல் கால் வைத்து நிற்கச் சொன்னாராம், முழங்கால்வரை மரத்துப்போகும்வரை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "தேக்கா மார்க்கெட்டுல கிடைக்குமா, குழம்பும் வைக்கலாம்" என்றார். அவர் அப்படித்தான்.

கருவி எப்படி இருக்கும்? எப்படி ஒட்டுவது?

பழைய கைபேசி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு அல்லது நான்கு ஒயர். ஒயர் நுனியில் பசையுள்ள பேட். வேகம், துடிப்பின் அகலம் (ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரம்), பலம் என்று மூன்றை மாற்றலாம். மின்கலத்தில் ஓடுவதால் வீட்டு மின்சாரம் உடம்பில் பாயுமோ என்று பயப்படத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். இரவு சாப்பாடு முடிந்ததும் செயற்கைக் காலைக் கழற்றி, அதற்குள் ஸ்டம்ப்பில் மாட்டும் மெத்தென்ற உறையான லைனரை உருவி, ஸ்டம்ப்பை ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர விடுவோம். முதல் வாரம் பேட் ஒட்டவே இல்லை. ஒட்டினால் ஒரு நிமிடத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது, தூக்கிய ஓரத்தில் சுருக்கென்று குத்தியது. கருவிதான் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். பணிப்பெண்தான் கண்டுபிடித்தார்: தினமும் மாலையில் அப்பா ஸ்டம்ப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்! எண்ணெய்ப் பிசுக்கில் எந்தப் பேட் ஒட்டும்? இப்போது எண்ணெய் காலையில், பேட் ராத்திரியில்.

பேட்டை வெட்டுத் தழும்பின் மேல் ஒட்டுவதில்லை. ஸ்டம்ப்பின் இரு பக்கத்திலும் ஒன்று, அல்லது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு ஓடும் தடத்தில் மேலும் கீழுமாக. பேட்டுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பலத்தைப் பூஜ்யத்தில் வைத்துப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும். சரியான இடத்தில் ஒட்டினால் ஒரு விசித்திரம் நடக்கும்: சுறுசுறுப்பு ஸ்டம்ப்பில் நிற்காமல் இல்லாத பாதத்துக்குள் இறங்கும். அப்பாவுக்கு முதன்முதலாக அது நடந்தபோது, "சுண்டுவிரலுக்கு வந்துடுச்சு, சுண்டுவிரலுக்கு வந்துடுச்சு" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினார். எங்கள் பிசியோ சொன்னதும் அதுதான்: சுறுசுறுப்பை எங்கே உணர்கிறார் என்று கேளுங்கள், வலிக்கும் இடத்துக்கு அது போய்ச் சேரும்வரை பேட்டை நகர்த்துங்கள். சிலருக்கு அது ஒருபோதும் இறங்காது.

ஒரு தடவைக்கு 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். போட்டுக்கொண்டே தூங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. ஒரே வேகத்தை வாரக்கணக்கில் வைத்தால் உடம்பு பழகிப் பலன் மங்கும். இடையிடையே மாற்றுங்கள்.

ஸ்டம்ப்பில் ஒட்ட முடியாத நிலை என்றால்?

புண் ஆறாத தோல், ஒட்டுத்தோல், தொட்டாலே அலறும் தோல் என்றால் அங்கே ஒட்ட வேண்டாம். நரம்பின் மேல்பகுதியில், தொடையில் ஒட்டலாம். சிலருக்கு நல்ல காலில், வலிக்கும் இடத்துக்கு நேரெதிரான இடத்தில் ஒட்டிப் பார்ப்பதும் உண்டு. இரு பக்கச் செய்திகளும் முதுகுத்தண்டில் பேசிக்கொள்வதால் அது சிலருக்கு வேலை செய்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளியின் 'நல்ல' காலும் பாதி மரத்துத்தான் இருக்கும். கீழே படியுங்கள்.

யாருக்கு ஆகாது?

இதயத்தில் பேஸ்மேக்கரோ அதிர்ச்சி தரும் கருவியோ பொருத்தியவர்கள், இதய மருத்துவர் சம்மதிக்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம், தலை, கர்ப்பிணிகளின் வயிறு, புற்றுக்கட்டி உள்ள இடம், இரத்தக்கட்டு இருக்குமோ என்று சந்தேகப்படும் கால், திறந்த புண் ஆகிய இடங்களில் ஒட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் முதலில் கேட்கவேண்டும்.

நம் ஆட்களுக்கு முக்கியமானது மரத்த தோல். உணர்வில்லாத இடத்தில் ஒட்டிவிட்டு "ஒண்ணுமே தெரியலையே" என்று பலத்தை ஏற்றிக்கொண்டே போனால் தோல் கன்றிவிடும், சுட்டும்விடலாம். கூரானது, மழுங்கியது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பிசியோ முதலில் சோதிப்பார். சோதிக்காமல் ஒட்டினால் நீங்களே கேளுங்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நிரூபணம் உண்டா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழு, மாய உறுப்பு வலிக்கும் ஸ்டம்ப் வலிக்கும் டென்ஸ் உதவுமா என்று 2010இல் தேடியது, 2015இல் மறுபடி தேடியது. தகுதியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதற்கு டென்ஸ் பயனற்றது என்று அர்த்தமில்லை. பயன்படும் என்று யாரும் சரியாக நிரூபிக்கவில்லை என்று அர்த்தம். சின்னச் சின்னப் பரிசோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது.

பிறகு ஏன் பயன்படுத்துகிறோம்? ஆபத்து குறைவு, செலவு குறைவு, பிடிக்கவில்லை என்றால் கழற்றி எறியலாம். என் கணக்கு அவ்வளவுதான். ஆனால் நம்பிக்கையின் பேரில் ஆண்டுக்கணக்கில் ஓட்டாதீர்கள். நாங்கள் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினோம்: போடுமுன் வலி பத்துக்கு எத்தனை, கழற்றிய பின் எத்தனை, இரவு எத்தனை முறை எழுந்தார். இரண்டு வாரம், பதினான்கு தாள். அதை மருத்துவரிடம் காட்டியபோது, அதுவரை என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார்.

எங்கே வாங்குவது? எவ்வளவு ஆகும்?

முதலில் வாங்காதீர்கள். மருத்துவமனைப் பிசியோவில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை சில பத்து வெள்ளியில் தொடங்கிச் சில நூறு வெள்ளிவரை போகிறது. விலை உயர்ந்தால் வலி அதிகம் குறையும் என்றில்லை. வேகத்தையும் பலத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். இங்கே மருத்துவக் கருவிகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் பதிவு செய்கிறது, அதன் இணையப் பட்டியலில் தேடிப் பார்க்கலாம். பணம் சிரமம் என்றால் மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். செயற்கைக் கால் போன்ற பெரிய செலவுகளுக்கும் எந்த உதவித் திட்டம் பொருந்தும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பேரங்காடியில் மேசை போட்டு விற்கிறார்களே, கால் வைக்கும் 'இரத்த ஓட்ட' இயந்திரம், அது வேறு. அது தசையைத் துடிக்கவைப்பது. பெரியப்பா ஒன்று வாங்கிவந்தார், பெரிய பணம். வீட்டில் வைத்து அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. மின்சாரம் ஒரு பாதத்தில் ஏறி மறு பாதத்தில் இறங்கினால்தான் சுற்று முழுமையாகும். இரண்டு பாதம் வேண்டும். ஒற்றைக் காலோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதை அப்பா பார்த்த பார்வை இருக்கிறதே! விற்றவர் யாருக்கு என்று கேட்கவே இல்லையாம்.

உடம்புக்குள்ளேயே பொருத்தும் கருவி இருக்கிறதாமே?

இருக்கிறது, பல வகை. பழையது முதுகுத்தண்டுத் தூண்டி. நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் 1967இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார். முதுகெலும்புக்குள் மெல்லிய மின்கம்பியும், இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் மின்கலமும் வைப்பார்கள். முதலில் சில நாள் தற்காலிகக் கம்பியோடு சோதித்து, வலி நன்றாகக் குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பது வழக்கம். இன்று நாம் வீட்டில் வைத்திருக்கும் டென்ஸ் பெட்டியை ஷீலி அந்தக் காலத்தில் யாருக்கு அறுவை செய்யலாம் என்று சோதிக்கத்தான் பயன்படுத்தினாராம்.

இன்னொன்று, முடி போன்ற கம்பியை ஊசி வழியாக நரம்பின் பக்கத்தில் வைத்து, 60 நாள் கழித்து எடுத்துவிடுவது. 2019இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், முதல் நான்கு வாரத்தில் நிஜத் தூண்டல் பெற்ற 12 பேரில் 7 பேருக்கு வலி பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. போலித் தூண்டல் பெற்ற 14 பேரில் 2 பேருக்கு. எண்ணிக்கை சின்னது, ஆனாலும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது புதியது. வெட்டுப்பட்ட நரம்பைச் சுற்றி வளையம் போல மின்முனையை மாட்டி, நொடிக்கு 10,000 துடிப்பு என்ற வேகத்தில், வலி வரும்போது 30 நிமிடம் ஓட்டுவது. இவ்வளவு வேகத்தில் நரம்பு செய்தி அனுப்ப முடியாமல் அடைபட்டுப் போகிறது, கதவு சாத்தும் கதை இங்கே இல்லை. கால் இழந்தவர்களின் நாட்பட்ட வலிக்காக ஆல்டியஸ் என்ற இந்தக் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024இல் அனுமதி தந்தது.

இவை எல்லாமே அறுவையோ ஊசியோ சம்பந்தப்பட்டவை. தொற்று வரலாம், கம்பி நகரலாம், எம்ஆர்ஐ எடுப்பதில் சிக்கல் வரலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறுவதே போராட்டம் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றதெல்லாம் பலிக்காத பிறகு, மருத்துவமனை வலிச் சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் இது.

கண்ணாடிச் சிகிச்சை, மாத்திரை இவற்றை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைத் திடீரென நிறுத்தவும் கூடாது. கண்ணாடி முறையை 1990களில் பிரபலமாக்கியவர் நம்ம ஊர்க்காரர், சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். நல்ல காலைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கால் அசைவதாக மூளைக்குக் காட்டுவது. கால் இழந்த ராணுவ வீரர்களிடம் நடத்தி 2007இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் தினம் 15 நிமிடம், நான்கு வாரம் செய்தவர்களுக்கு நல்ல பலன். அப்பா ஐந்தாம் நாளே "என் மூஞ்சிதான் தெரியுது" என்று தள்ளிவிட்டார். உங்கள் வீட்டில் பொறுமைசாலி இருந்தால் செய்து பாருங்கள், பைசா செலவில்லை.

எப்போது கருவியை வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடவேண்டும்?

திடீரென்று ஸ்டம்ப் வீங்கினால், சிவந்தால், சூடாக இருந்தால், நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால். அடங்கியிருந்த வலி புதிய விதத்தில் கிளம்பினாலும்தான். செயற்கைக் காலில் ஸ்டம்ப் உட்காரும் கிண்ணம் பொருந்தாமல் நியூரோமாவை அழுத்துவதும் உண்டு. அப்போது வேண்டியது கிண்ணத்தைச் சரிசெய்வது. காரணம் தெரியாமல் வலியை மட்டும் அமுக்குவது சரியில்லை.

உங்கள் அப்பாவுக்குக் குணமாகிவிட்டதா?

இல்லை. முதல் தாளில் 8 என்று இருக்கிறது, பதினான்காம் தாளில் 5. இப்போது பெரும்பாலும் 4. மழை நாளில் 6க்கு ஏறும் என்று அவர் சொல்கிறார், தாள்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, நான் வாதம் செய்வதில்லை. கழற்றிய பிறகு பலன் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான். அதற்குள் தூங்கிவிட்டால் அந்த ராத்திரி தப்பித்தது. முன்பு இரவில் நான்கு தடவை எழுந்தவர் இப்போது ஒரு தடவை எழுகிறார், அதுவும் பாத்ரூமுக்கு.

பேட் எத்தனை நாள் வரும்?

இருபது முப்பது தடவை. பசை காய்ந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவுங்கள், கொஞ்ச நாள் ஓடும். பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி, உறையில் போட்டு மூடி வையுங்கள். எங்கள் வீட்டு உறை முறுக்கு டின்னுக்குள் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கை வைக்காத டின் அது ஒன்றுதான், ஏனென்றால் அதில் முறுக்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.